டெஸ்டோஸ்டிரோன் 238 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, ஊசி ஆரம்பிக்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: வயது 36, ஒரு பெண் குழந்தை, இரண்டாவதுக்கு யோசனை இருக்கிறது. எந்நேரமும் அசதி, ஆசையே இல்லை, உடம்பும் போட்டுவிட்டது. ஏதோ முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் டெஸ்டோஸ்டிரோன் 238 என்று வந்தது, பார்த்த டாக்டர் ஊசி போடலாம் என்கிறார். ஆரம்பிக்கலாமா, ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டுமா?

இரண்டாவது குழந்தை வேண்டுமென்றால் இப்போது ஊசி வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது ஊசி போட்ட பிறகுதான் தெரிய வருகிறது. நான் டாக்டர் இல்லை, சில வருடங்களாக இந்த ஹார்மோனை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிற ஆள், அவ்வளவுதான். அதனால் படித்ததையும் பட்டதையும் வைத்து எழுதுகிறேன். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டரோடு பேச வேண்டியது.

ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் ஆண்மை கூடும், அப்படியே குழந்தை பிறக்கும் வாய்ப்பும் கூடும் என்று நினைப்பது இயல்புதான். நடப்பது நேர் எதிர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்ஹெச் என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விரைகளை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்து ரத்தத்தில் நிறைந்ததும் பிட்யூட்டரி, சரக்கு போதும் என்று ஆர்டர் போடுவதை நிறுத்திவிடும், விரைகள் கடையை மூடிவிடும். விந்தணு உற்பத்திக்கு விரைக்குள்ளே இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அது ஊசியால் வராது, விரை தானே சுரந்தால்தான் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது, பெரும்பாலானவர்களுக்குக் கவுண்ட் பூஜ்யத்துக்கோ அதன் பக்கத்துக்கோ இறங்கியது. உங்களுக்குப் போடலாம் என்கிற மருந்தும் அதே குடும்பம்தான்.

நிறுத்தினால் திரும்பி வருமா? அந்தக் கருத்தடை ஆய்வுகளில் கலந்துகொண்ட ஆரோக்கியமான ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஆறு மாதத்தில் திரும்பியது, சிலருக்கு இரண்டு வருடம் வரை ஆனது. ஏற்கெனவே கோளாறு இருக்கிறவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. குழந்தை வேண்டும் என்கிற நிலையில் குளோமிஃபீன் மாத்திரை, ஹெச்சிஜி ஊசி என்று விரைகளையே தூண்டுகிற வழிகள் இருக்கின்றன, யாருக்கு எது சரி என்பது கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது முதல் வாக்கியமே "இன்னொரு குழந்தை வேண்டும் சார்" என்று இருக்கட்டும். கூச்சப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் வருகிறவர்கள் நிறைய.

சரி, அந்த 238க்கு வருகிறேன். எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீர்கள்? டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், போகப் போக இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் கொடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மரியாதை. காய்ச்சல் வந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் கொடுத்தது, நைட் ஷிப்ட் முடித்து நேராக லேபுக்குப் போய்க் கொடுத்தது இதெல்லாம் கணக்கில் சேராது. முதல் தடவை குறைவாக வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மறுபடி பார்த்தால் சரியான அளவில் இருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு வெவ்வேறு நாளில் காலையில் பார்த்து இரண்டும் குறைவாக இருந்தால் மட்டுமே, அதுவும் அறிகுறிகளும் கூட இருந்தால் மட்டுமே, குறைபாடு என்று எழுத வேண்டும் என்று அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2018 வழிகாட்டியில் சொல்கிறது. அவர்கள் காட்டுகிற கீழ் எல்லை 264, அமெரிக்க யூராலஜிக்கல் அசோசியேஷன் அதே வருடம் சொன்னது 300. இரண்டு பெரிய சங்கங்களுக்கே கோடு வேறு வேறு இடத்தில் இருக்கிறது என்றால், 238 என்ற ஒற்றை எண்ணை வைத்து வாழ்நாள் மருந்தை முடிவு பண்ணுவது அவசரம்.

உடம்பு போட்டுவிட்டது என்கிறீர்கள். எடை கூடினாலும் சுகர் வந்தாலும், டெஸ்டோஸ்டிரோனை ரத்தத்தில் சுமந்து போகும் எஸ்ஹெச்பிஜி என்கிற புரதம் குறையும். அது குறைந்தால் மொத்த அளவும் குறைந்து தெரியும், ஆனால் உடம்பு உண்மையில் பயன்படுத்தும் தனி டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கலாம். எஸ்ஹெச்பிஜியையும் சேர்த்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எவ்வளவு குறைவு என்பதைவிட ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி. எல்எச் பார்த்தார்களா? பேக்கேஜில் அது இருக்காது. எல்எச் அதிகமாக இருந்தால் பிட்யூட்டரி கத்துகிறது, விரைக்குத்தான் வேலை செய்ய முடியவில்லை என்று அர்த்தம்: வயது வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை பாதித்திருக்கலாம், விரை முறுக்கிக்கொண்டு ஆபரேஷன் நடந்திருக்கலாம், கீமோ எடுத்திருக்கலாம், அல்லது பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர். (இது சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது, பலர் குழந்தை இல்லை என்று போகும்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள்.) எல்எச் குறைவாகவோ, டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு விழுந்தும் அசையாமல் நார்மல் என்றோ இருந்தால் கோளாறு மேலே, பிட்யூட்டரி பக்கம். அல்லது எடை, சுகர், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா, ட்ரமடால் மாதிரி வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்குவது, ஸ்டீராய்டு மாத்திரை, இவையெல்லாம் பிட்யூட்டரியை அடக்குகின்றன.

என் கதை பிட்யூட்டரி கதை. எனக்கும் உங்களைப் போல அசதி, ஆசையின்மை, கூடவே தலைவலி, பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாமல் போவது. டெஸ்டோஸ்டிரோன் உங்களுடையதைவிட நன்றாகவே கீழே. சுகர் டாக்டர் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை, எல்எச்சும், பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினும் பார்க்க எழுதிக் கொடுத்தார். எல்எச் கிட்டத்தட்ட இல்லை. ஆண்களுக்குச் சாதாரணமாக 20க்குள் இருக்க வேண்டிய புரோலாக்டின் நூற்றுக்கணக்கில். எம்ஆர்ஐ எடுத்தால் பிட்யூட்டரியில் கட்டி, புரோலாக்டினோமா என்பார்கள், புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ந்து கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. காபர்கோலின் என்று வாரத்துக்கு இரண்டு தடவை போடும் சின்ன மாத்திரை, அதிலேயே கட்டி சுருங்கியது, பார்வை மீண்டது. பலருக்கு இதோடு டெஸ்டோஸ்டிரோனும் தானாக ஏறிவிடும். எனக்கு ஏறவில்லை, நசுங்கிய பகுதி முழுதாக எழவில்லை போல, அதன் பிறகுதான் டெஸ்டோஸ்டிரோன் ஆரம்பித்தார்கள். முதலிலேயே ஊசி போட்டிருந்தால் தெம்பு வந்திருக்கும், நானும் சரியாகிவிட்டது என்று இருந்திருப்பேன், கட்டி உள்ளே அதன் பாட்டுக்கு வளர்ந்திருக்கும். உங்களுக்குக் கட்டி இருக்கிறது என்று பயமுறுத்தவில்லை, வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனால் புரோலாக்டின் டெஸ்டுக்கு ஆகும் சில நூறு ரூபாயைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் காரணம் எடைதான் என்று வந்தால், எரிச்சலாக இருந்தாலும் முதல் மருந்து எடையைக் குறைப்பதுதான். ஆஸ்திரேலியாவில் நடத்தி 2021இல் வெளியான டி4டிஎம் என்கிற ஆய்வைச் சிலர் உங்களுக்குக் காட்டுவார்கள்: தொப்பை இருக்கும் ஆயிரம் பேர், எல்லோருக்கும் உணவு உடற்பயிற்சித் திட்டம், பாதிப் பேருக்குக் கூடவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இரண்டு வருட முடிவில் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குச் சுகர், போடாதவர்களில் 21 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டி ரத்தம் கெட்டியானது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

இந்த ஹீமட்டோகிரிட்தான் ஆரம்பித்தவர்கள் மறக்கிற டெஸ்ட். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியை முடுக்கிவிடும், ரத்தம் கெட்டியானால் கட்டிப்போகும் பயம். ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம். 54 தாண்டினால் நிறுத்தி, இறங்கிய பிறகு குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏவும் உண்டு. இதயத்தைப் பற்றிக் கேட்பீர்கள்: 2023இல் வந்த டிராவெர்ஸ் ஆய்வில் இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 45 முதல் 80 வயது வரையிலான ஐயாயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மொத்தம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களுக்கு 7.0 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஜெல் பூசியவர்களுக்கு 7.3. அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாவதும் நுரையீரலில் ரத்தக்கட்டும் மருந்து ஜெல் பக்கம் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. ப்ராஸ்டேட் புற்றுநோய் இருப்பவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் பக்கமே போகக் கூடாது.

எந்த வடிவம் என்பது தனிக் கதை. சஸ்டனான் மாதிரி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி மலிவு. ஆனால் போட்ட சில நாள் உச்சம், கடைசி நாட்களில் சரிவு, எரிச்சல், வீட்டில் எல்லோர் மேலும் பாய்வது. அதில் கடலை எண்ணெய் இருக்கிறது, கடலை அலர்ஜி இருந்தால் சொல்லிவிடுங்கள். அன்டிகனோயேட் 1000 மில்லிகிராம் ஊசி முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஆறு வாரம், அப்புறம் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒன்று. விளக்கெண்ணெயில் கரைத்த கெட்டியான மருந்து, இடுப்புக்குக் கீழே மெதுவாக ஏற்றி அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள், எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போனால் இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம் என்பதால். நான் இதில்தான் இருக்கிறேன், எனக்கு இதுவே வசதி. ஜெல் தினமும் தோளில் பூசுவது, அளவு சீராக இருக்கும், வேண்டாம் என்றால் உடனே நிறுத்தலாம். ஆனால் உங்கள் வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள். பூசிய தோள் குழந்தை மேல் பட்டால் மருந்து அவளுக்கும் ஏறும், அப்படிக் குழந்தைகளுக்கு வயதுக்கு முன்னால் முடி வளர்ந்த சம்பவங்களைப் பார்த்துத்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009இல் ஜெல்லின் மேல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. தூக்கிக் கொஞ்சுகிற அப்பாவுக்கு ஜெல் சரிவராது என்பது என் கருத்து.

ஜிம் மாஸ்டர் தருகிற ஊசி மருந்துக் குப்பி, சுவர் போஸ்டரில் மாதம் ஒரு நாள் லாட்ஜில் பார்ப்பதாகப் போட்டிருக்கும் வைத்தியர், இந்த இரண்டைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

என்ன எதிர்பார்க்கலாம்? ஆசை திரும்புவது மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்தில் தெரியும், தசை மூன்று நான்கு மாதம், எலும்பு வருடக்கணக்கு. அசதிக்குப் பெரிதாக நம்ப வேண்டாம். 65 வயது தாண்டிய 790 பேரை வைத்து 2016இல் வந்த ஆய்வில் பாலுறவு விஷயத்தில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது, தெம்பில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. உங்கள் வயது வேறு, நிஜக் குறைபாடு இருந்தால் வித்தியாசம் தெரியும், எனக்குத் தெரிந்தது. ஆனால் உங்கள் அசதிக்குத் தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12, குறட்டை, ராத்திரி ஒரு மணி வரை போன் எல்லாமே காரணமாக இருக்கலாம்.

ஆயுசுக்குமா என்றால், என்னைப் போலப் பிட்யூட்டரி போனவர்களுக்கும் விரை கெட்டவர்களுக்கும் ஆமாம். எடையால் குறைந்தவர்களுக்கு அப்படி இல்லை, எடை இறங்கினால் நிறுத்தலாம், நிறுத்தியதும் சொந்தச் சுரப்பு எழும் வரை சில வாரமோ மாதமோ மோசமாக இருக்கும், அவ்வளவுதான்.

வரும் வாரத்தில் ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் போய் டெஸ்டோஸ்டிரோனை மறுபடி கொடுங்கள், கூடவே எல்எச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின், எஸ்ஹெச்பிஜி, தைராய்டு, ஹீமட்டோகிரிட், மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி. முடிந்தால் விந்து பரிசோதனையும். ரிப்போர்ட்டை ஹார்மோன் டாக்டரான எண்டோகிரைனாலஜிஸ்டிடம் காட்டுங்கள், பக்கத்தில் இல்லையென்றால் யூராலஜிஸ்ட். எல்எச் எவ்வளவு என்று வந்ததும் இங்கே கீழே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச முடியும்.