கம்பெனி திடீரென்று வேலையை விட்டு நிறுத்திவிட்டது, இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. இது லேபர் கேஸா, சிவில் கேஸா?

சிவில் கேஸ் இல்லை. ஆனால் ஒரே லேபர் கேஸும் இல்லை, இரண்டு. இரண்டுக்கும் வேறு வேறு ஆபீஸ். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மலேசியாவில், பினாங்கு மாநிலப் பிறையில் ஒரு ஃபேக்டரியில் பதினோரு வருஷம் ஸ்டோர்கீப்பர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்ஆரில் கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். ஆத்திரத்தில் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சார்ஜன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அபாங், இது கேஸ் புருஹ்", அதாவது லேபர் கேஸ், என்று அனுப்பிவிட்டார். போலீசுக்கு வேலை, அடித்தாலோ திருடினாலோதான். அப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொல்ல, வாரங்கள் ஓடிவிட்டன.

கடைசியில் பேஸ்லிப்புகளோடு லேபர் ஆபீஸ் போனேன். பாக்கிச் சம்பளம், நோட்டீஸ் காசு இரண்டுக்கும் அங்கே மனு வாங்கிக்கொண்டார்கள். வேலை ஒப்பந்தத்தில் வேறு எழுதியிருக்காவிட்டால், ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவனுக்குச் சட்டப்படி குறைந்தது 8 வார நோட்டீஸ். பிறகு அந்த அதிகாரி என் கடிதத்தைத் திருப்பி வைத்து, தேதி மேல் பேனாவை ஊன்றினார். "வேலையை விட்டு நிறுத்தினது நியாயமா இல்லையான்னு நாங்க பார்க்க மாட்டோம். தொழில் உறவு இலாகாவுக்குப் போங்க, 60 நாள்தான் டைம்." அங்கேயே விரல்விட்டு எண்ணினேன். அன்று 53-ஆவது நாள்!

அதனால், உங்களுக்குப் போனது எது என்று முதலில் பாருங்கள். சம்பளம், ஓவர்டைம் போச்சென்றால் லேபர் ஆபீஸ் (உடலுழைப்பு வேலை இல்லையென்றால், ஓவர்டைம் சட்டம் மாதம் 4,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், வரை வாங்குபவர்களுக்குத்தான்). வேலையே போச்சென்றால் 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அதாவது தொழில் உறவு இலாகா. இதற்குச் சம்பள வரம்பு கிடையாது, மேனேஜரும் போகலாம். மிரட்டி ராஜினாமா எழுதி வாங்கியிருந்தாலும் அதே 60 நாள் கணக்குத்தான். மனுவில் கேட்பது, வேலையைத் திரும்பக் கொடு என்பது. "அந்த மூஞ்சிகளை மறுபடி பார்க்கணுமா" என்று எனக்கும் இருந்தது, ஆனாலும் அப்படித்தான் எழுதினேன். முதலில் சமரசப் பேச்சு. அதற்கு வக்கீல் கூட வர முடியாது, செலவும் இல்லை. ஒத்துவராவிட்டால் தொழிலியல் நீதிமன்றம். அங்கே நிறுத்தியதற்குக் காரணம் காட்ட வேண்டியது முதலாளியின் பாடு.

வேலையில் அடிபட்டால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம். முதலாளி இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) கட்டவில்லையென்றால் இபிஎஃப் ஆபீசிலேயே புகார். முதலாளிக்குக் கைமாற்றாகக் கொடுத்த காசு, சொந்த லாரி வைத்துக் கான்ட்ராக்ட் ஓட்டியவரின் பாக்கி பில், இவைதான் சிவில். அதற்கு ஆறு வருஷம் டைம் இருக்கிறது, 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போடலாம்.

சம்பளப் பாக்கிக்கு அடுத்த வாரம் போனாலும் பரவாயில்லை. உங்கள் கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது? அதை எழுதவே இல்லையே.