சிங்கப்பூர் இஸ்தானாவைக் கட்டியது இந்தியக் கைதிகளா? அதற்கு என்ன மரபு மதிப்பு?

ஆமாம், பெரும்பகுதி அவர்கள் உழைப்புதான். இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா, ஆங்கிலேய ஆளுநருக்காக 1867 முதல் 1869 வரை கட்டப்பட்டது. வரைபடம் போட்டவர் ஆங்கிலேய அரசின் பொறியாளர் மெக்நேர். கைதிகளை மேற்பார்வை பார்த்தவரும் அவர்தான்.

1825லிருந்தே வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடத்தி இங்கே கொண்டுவந்தார்கள். சாலை போட்டது, சதுப்பைத் தூர்த்தது, செங்கல் சுட்டது எல்லாம் அவர்கள்தான். சிறைக்குள்ளேயே கொத்து வேலை, தச்சு வேலை கற்றுத் தேறியவர்கள் பலர்.

அவர்கள் கைத்திறனைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமா? புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்குப் போங்கள். அதுவும் அவர்கள் கட்டியதே. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, காய்ந்தபின் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு என்றே அதற்குப் பெயர். நம் ஊர்க் கொத்தனார்களின் வித்தை அது!

சரி, இஸ்தானாவுக்கு வருவோம். 1992இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அகன்ற தாழ்வாரமும் காற்றோட்டமான உயர்ந்த அறைகளும் அழகுதான். ஆனால் என்னைப் பொறுத்தவரை அதன் பெரிய மதிப்பு அந்தக் கைகளில்தான் இருக்கிறது. ஆளுநர்களின் பெயர் தெருக்களில் நிற்கிறது; செங்கல் அடுக்கியவர்களில் பெரும்பாலோர் பெயரே தெரியாமல் போனார்கள். தீபாவளி போன்ற பண்டிகை நாட்களில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். போனால் அந்தத் தூண்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.