சிரித்தாரா என்ன?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்திவந்தேன். லூதியானாவில் மொத்த வியாபாரம் செய்யும் சர்தார் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக என்னிடம் சரக்கு எடுத்தவர். ஆறு மாதங்களுக்கு முன் அவருடைய ஒரே மகன் விபத்தில் இறந்துவிட்டான். துக்கம் விசாரிக்கப் போன் செய்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்றேன். "சர்தி கலா" என்றார். உற்சாகமாக இருக்கிறேன் என்று அர்த்தமாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் சொல்கிற வார்த்தையா இது? எனக்கு நடிப்பாகவே பட்டது. இப்போது என் கம்பெனியும் மூடிக்கிடக்கிறது. கடனை அடைக்க மனைவியின் அண்ணன் பணம் தருகிறேன் என்கிறார். வாங்கினால் மானம் போய்விடும் என்று மறுத்துவிட்டேன். அந்தச் சர்தாரைப் போலச் சிரித்துக்கொண்டிருக்க எனக்கு வரவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்.

பதில்: போனில் அவர் சிரித்தாரா என்ன? நீங்கள் அப்படி எழுதவில்லையே. ஒரு சொல்லைச் சொன்னார்; சிரிப்பை நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள்.

அந்தச் சொல்லுக்கு 'உற்சாகம்' என்று யார் உங்களுக்குப் பொருள் சொன்னார்களோ, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சாபியில் 'சர்தி' என்றால் ஏறிக்கொண்டிருப்பது. நாம் ஏறுமுகம் என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும். சென்னிமலைப் படி ஏறியிருப்பீர்கள். ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கும், முழங்கால் வலிக்கும். வலிக்கவில்லை என்று அவன் சொல்வதில்லை. ஏறுகிறேன் என்றுதான் சொல்கிறான்.

சீக்கியர்கள் நாள்தோறும் கைகூப்பி நின்று சொல்லும் 'அர்தாஸ்' என்ற பிரார்த்தனையில் இந்தச் சொல் வருகிறது. எங்கே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் குருமார்களை நினைக்கிறார்கள். பிறகு தருமத்துக்காகத் தலை கொடுத்தவர்கள், கணுக்கணுவாக வெட்டப்பட்டவர்கள், மண்டைத் தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் ஏற்றிச் சிதைக்கப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவுகூர்கிறார்கள். இவ்வளவையும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், கடைசி வரியில், சர்தி கலாவும் 'சர்பத் தா பலா'வும் வேண்டப்படுகின்றன. பின்னது, எல்லோருக்கும் நன்மை என்பது. துக்கத்தை ஒளித்து வைக்கிறவர்களின் பிரார்த்தனையா இது? உங்கள் சர்தார் அந்த வரியைச் சிறுவயதிலிருந்து சொல்லிவந்திருப்பார். மகன் போன வீட்டில் அவர் கைக்கு அகப்பட்ட பிடிமானம் அது. நடிப்பு என்ற குற்றச்சாட்டைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லாகூர் ஆளுநர்கள் சீக்கியர்களை வேட்டையாடிய காலம் ஒன்று இருந்தது. காட்டில் ஒளிந்து திரிந்தவர்களுக்குத் தின்னக் கிடைத்தது வறுத்த கடலை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பாதாம். வெங்காயம் வெள்ளி ஆயிற்று. ஒற்றை ஆள் வந்து சேர்ந்தால் 'சவா லாக்', அதாவது ஒன்றேகால் லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. ஒருவர் இறந்தால் 'படையெடுத்துப் போய்விட்டார்' என்றார்கள். மீர் மன்னு என்ற ஆளுநர் கொன்று குவித்தபோது பிறந்த பழமொழி இன்னும் வழங்குகிறது: மன்னு எங்கள் அரிவாள், நாங்கள் அவன் அறுக்கும் பயிர், அறுக்க அறுக்க இரண்டு மடங்காக முளைப்போம். எனக்கு இந்தப் பாதாம் மிகவும் பிடிக்கும். பசி பசிதான், கடலை கடலைதான். ஆனால் தங்கள் தட்டில் இருப்பதற்குப் பெயர் வைக்கும் உரிமையை அவர்கள் லாகூருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் கேட்கும் மானமும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மானத்தைப் பற்றி அவர்கள் இளக்காரமாகப் பேசுவதில்லை. மதிப்பை இழந்து வாழ்கிறவன் உண்பதெல்லாம் விலக்கப்பட்ட உணவு என்று குரு நானக் கடுமையாகவே பாடியிருக்கிறார். ஒன்பதாவது குரு தேக் பகதூர், யாரையும் அச்சுறுத்தாதவன், யாருக்கும் அஞ்சாதவன், அவனே ஞானி என்றார். நம்மில் பலர் 'அஞ்சாதவன்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1675-இல் தில்லியில் அவர் தலை வெட்டப்பட்டது. காஷ்மீரப் பண்டிதர்களின் வழிபாட்டு உரிமைக்காக அவர் உயிர் கொடுத்ததாகச் சீக்கிய மரபு சொல்கிறது. அவர்கள் அணிந்த பூணூலை இவருடைய மரபு வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தது. அடுத்தவன் மானமும் தன் மானம்தான் என்று நினைத்த மனிதர்.

இப்போது உங்கள் மைத்துனர் விஷயம். பணம் தருவதற்கு அவர் ஏதாவது நிபந்தனை வைத்தாரா? நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டினாரா? இருந்தால் எழுதியிருப்பீர்கள். அப்படியானால் தடுத்தது எது? கூலி கொடுத்துப் பழகிய கை வாங்குவதா என்ற எண்ணம்தானே? கவரிமான் பரம்பரை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இடங்களில் பாதி இந்த எண்ணம்தான். சீக்கியர்கள் இதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்: 'ஹௌமை', நான் என்னும் முனைப்பு. நாள்பட்ட நோய் அது, ஆனால் மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது என்றார் இரண்டாவது குரு அங்கத்.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் சப்பாத்தியைத் தட்டில் எறிய மாட்டார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினால் அதில் வைப்பார்கள். ஆலை முதலாளியும் நீட்ட வேண்டும், ரிக்‌ஷாக்காரரும் நீட்ட வேண்டும். பரிமாறியவரே அடுத்த பந்தியில் உட்கார்ந்து கை நீட்டுவார். அங்கே யாருக்கும் மானம் போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. பஞ்சாபிலும் கடனால் உயிரை மாய்த்துக்கொண்ட விவசாயிகள் உண்டு. 'இஸ்ஸத்', அதாவது குடும்ப மானம், என்ற பெயரில் பெண்களைக் கொன்ற வீடுகளும் உண்டு. ஒரு சொல் எல்லோரையும் காப்பாற்றிவிடாது. உங்களுக்கும் இரவில் தூக்கம் போய், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வருமானால், இந்தப் பதிலை வைத்துவிட்டு இன்றே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஃபௌஜா சிங்கை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1994-இல் மகனை விபத்தில் இழந்தார். இங்கிலாந்தில் இன்னொரு மகன் வீட்டில் இருந்தபோது துயரம் தாங்காமல் ஓடத் தொடங்கினார். 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தான். 2011-இல் நூறு வயதில் டொராண்டோவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதை ஏற்கவில்லை. அதற்காக அவர் ஓட்டத்தை நிறுத்திவிடவில்லை.

மைத்துனரிடம் வாங்குங்கள். இனாமாக வேண்டாம், தொகை, தவணை, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சும்மா கிடக்கும் ஓவர்லாக் மிஷின்களை ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விட முடியுமா என்று பாருங்கள். பிறகு லூதியானாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். அந்தப் பையனைப் பற்றி அவர் பேசினால் பேசவிடுங்கள். அவர் உங்களிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார், கம்பெனி மூடியதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.