ஸ்பீக்கர் ஒயரை நாமே தயாரிக்கலாமா?

கேள்வி: என் ஸ்பீக்கர்கள் இரண்டும் 8 ஓம். ஆம்ப்ளிஃபையரில் இருந்து ஒன்றுக்கு 3 மீட்டர், இன்னொன்றுக்கு 10 மீட்டர் ஒயர் வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாத செம்பு என்று போட்டு வரும் விலை உயர்ந்த கேபிள்தான் வாங்க வேண்டுமா, சாதாரண ஒயரை வாங்கி நானே செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாக நீங்களே செய்யுங்கள். பார்க்க வேண்டியது ஒயரின் மின்தடை, அதாவது தடிமனும் நீளமும். கரண்ட் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் 10 மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் செம்பு கணக்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது சுமார் 0.23 ஓம், 2.5 எடுத்தால் 0.14 ஓம். ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்குள் ஒயரின் தடை அடங்கினால் போதும் என்பது வழக்கமான அளவு, உங்கள் 8 ஓமுக்கு அது 0.4 ஆகிறது, ஆகவே 1.5 போதும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் எல்லை 0.2 ஆகிவிடும், அப்போது 2.5-க்குப் போக வேண்டும். ஆக்ஸிஜன் நீக்கிய செம்புக்கும் சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் தடையில் வித்தியாசம் 1 சதவீத அளவுதான், அதற்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே நீளம் வேண்டும் என்பதும் அவசியமில்லை, 7 மீட்டர் கூடுதலாகப் போவதால் வரும் தாமதம் எந்தக் காதுக்கும் எட்டாது.

ஆனால் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள், மேலே சிவப்பாக இருந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, நாலு தடவை மடக்கினால் முறிந்தும் போகும். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் பயமில்லை, அது ஈயம் பூசிய செம்பு.

கேள்வி: முனைக்கு சால்டரிங் செய்யலாமா?

பதில்: திருகி இறுக்கும் முனைக்கு வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி, நாளடைவில் பிடி தளர்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறையைச் சீவி, இழைகளை வெட்டிவிடாமல் ஒரே திசையில் இறுக்கமாக முறுக்கி, அப்படியே செருகித் திருகுங்கள். ஒயர் முனையில் மாட்டிச் செருகும் பனானா பிளக் போட்டாலும் இதே வேலைதான். முடி போல ஒரே ஒரு இழை வெளியே நீண்டு பக்கத்து முனையைத் தொட்டால்கூட ஆம்ப் போய்விடலாம், அதனால் செருகியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆம்பை அணைத்துவிட்டுத்தான் இதெல்லாம். செம்பு பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது ஒயர் போட்டபின் பேஸ் (தாழ்ந்த ஒலி) குறைந்துவிட்டது, பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ பரவிக் கேட்கிறது. ஒயர் மட்டமா?

பதில்: ஒயரைக் குறை சொல்லும் முன், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கிறதா பாருங்கள், இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது மற்றதன் கூம்பு பின்னால் போகிறது, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஜோடி ஒயரில் ஒன்றின் மேல் கோடோ மேடோ இருக்கும், அதையே ஆம்பிலும் ஸ்பீக்கரிலும் சிவப்பு (பிளஸ்) முனைக்கு வையுங்கள். அடையாளமே இல்லையென்றால், ஆம்ப் பக்கத்து முனைகளைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொடுங்கள். வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்ட ஒயர்தான் ஆம்பின் சிவப்பு முனைக்குப் போக வேண்டியது.