ஆற்றுத் திட்டத்தில் ஊர்க்காரர்கள் எதற்கு?

தாமிரபரணிக்குத் திட்டம் போடப் பொறியாளர்கள் போதாதா, ஊர்க்காரர்களை ஏன் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரைபடத்தில் கால்வாய் வெறும் கோடு. எந்த மடை கசிகிறது, எந்த ஓடையை மறித்தால் ஐப்பசி மழையில் எந்தத் தெரு முங்கும் என்பது தண்ணீர் பாய்ச்சுகிறவருக்குத்தான் தெரியும். இங்கே கால்வாய்கள் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்குளத்துக்குத் தண்ணீர். அதனால் கடைமடைக்காரரும் அதே கூட்டத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

தண்ணீரின் சுத்தமும் அப்படித்தான். பாளையங்கால்வாயில் சாக்கடை எங்கே கலக்கிறது என்று கரையோரத்துப் பெண்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள். பாபநாசம் படித்துறையில் இறங்கினால், யாரோ பரிகாரத்துக்காக முங்கிக் குளித்து ஆற்றிலேயே விட்டுப்போன வேட்டியும் சேலையும் காலில் சுற்றும். அறிவிப்புப் பலகை வைத்தால் மட்டும் அது நிற்காது. பரிகாரம் செய்துவைப்பவரும் படித்துறைக் கடைக்காரரும் சொன்னால் கேட்பார்கள்.

சரி, சட்டம் இல்லையா? இருக்கிறது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசன விவசாயிகளுக்குச் சங்கம் உண்டு, தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வாக்கு நிலம் உள்ளவருக்குத்தான். குளத்தில் மீன் பிடிக்கிறவருக்கும், துணி துவைக்கிறவருக்கும் அந்தச் சங்கத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. தண்ணீர் கெட்டால் முதலில் சொறி வருவது அவர்கள் கையில்தான்.