பையனுக்கு 17 வயது, ரிமாண்டில் 19 என்று எழுதிவிட்டார்கள்

பைக் திருட்டு வழக்கில் கைதான உங்கள் அண்ணன் மகனுக்கு 17 வயதுதான், ரிமாண்டில் (காவலில் வைக்கும் உத்தரவில்) 19 என்று எழுதிவிட்டார்கள், ஜாமீன்தாரரும் கிடைக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டீர்கள். ரிமாண்ட் செய்த அதே சேலம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே, 'சம்பவம் நடந்த அன்று 18 வயது முடியவில்லை' என்று மனு போடுங்கள். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 9. எந்தக் கட்டத்திலும் கேட்கலாம், தீர்ப்பு வந்த பிறகுகூட. கோர்ட் விசாரித்து, வயது குறைவுதான் என்றால் வழக்கை, 18 வயதுக்குக் குறைந்தவர்களின் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பிவிடும்.

உங்கள் அண்ணன் மகனின் ஆதாரைப் பாருங்கள். பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். முகாமில் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கும். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றமே 2024-ல் சொல்லிவிட்டது.

வயதை முடிவு செய்ய, அதே சட்டத்தின் பிரிவு 94-ன்படி முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சி, பஞ்சாயத்து பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாதபோது வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை. அதனால் நாளைக்கே ஏற்காட்டுப் பள்ளிக்குப் போய், டி.சி.யில் உள்ள தேதியும் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள தேதியும் ஒன்றா என்று பாருங்கள். அடித்துத் திருத்தியிருந்தால் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும்.

ஜாமீன்தாரர் கிடைக்கவில்லையே என்று கவலை வேண்டாம். வயது குறைவு என்று ஆகிவிட்டால், அதே சட்டத்தின் பிரிவு 12-ல் ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். ஆனால் வெளியே வந்தால் மறுபடி குற்றவாளிகளோடு சேருவான் என்று குழுமம் நினைத்தால் மறுக்கும். பைக்கை வாங்கி விற்ற பெரியவர்களும் இதே வழக்கில் இருக்கிறார்கள் என்றீர்களே, இடிப்பது அங்கேதான். அவனை யார் வீட்டில், எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்பதையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, அல்லது இலவச சட்ட உதவி எண் 15100.