செயில்டிரோன் (ஆளில்லாப் பாய்மரப் படகு) அளக்கும் காற்று வேகம் ஈஆர்ஏ5-ஐவிட (ஐரோப்பிய வானிலை மையம் கணினி மாதிரியால் தயாரிக்கும் வானிலைத் தரவு) எப்போதும் 5–7 சதவீதம் குறைவாக வருகிறதே?

சென்சார் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு; உயரம்தான் வேறு. நீங்கள் ஒப்பிடும் ஈஆர்ஏ5 காற்று 10 மீட்டர் உயரத்துக்கானது. செயில்டிரோனின் எக்ஸ்புளோரர் வகைப் படகில் காற்றுமானி பாய்மர இறக்கையின் உச்சியில், சுமார் 5 மீட்டரில் இருக்கிறது. கடல்மட்டத்தை நெருங்க நெருங்க உராய்வால் காற்று தளரும். நீங்கள் சொல்லும் 5–7 சதவீதக் குறைவு இதற்குப் பொருந்தித்தான் போகிறது.

கோப்பின் மெட்டாடேட்டாவில் சென்சார் உயரத்தைப் பாருங்கள். 5.2 மீட்டர் என்றிருந்தால் செயில்டிரோனின் எல்லாக் காற்று வேக மதிப்பையும் 1.06-ஆல் பெருக்கி மறுபடி வரையுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். சூறாவளிக்குள் அனுப்பும் குட்டை இறக்கைப் படகின் தரவு என்றால் உயரம் இன்னும் குறைவு, 1.06 போதாது.

இது தோராயக் கணக்குதான். காற்றைவிடக் கடல் குளிர்ந்திருக்கும் இடங்களில் வித்தியாசம் கூடும். அங்கே கோவேர் நிரலில் (கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான பரிமாற்றத்தைக் கணக்கிடும் நிரல்) காற்று வெப்பம், நீர் வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றையும் கொடுத்துத் திருத்துங்கள்.

அப்புறம், அடுத்து செயற்கைக்கோள் ஸ்கேட்டரோமீட்டரோடு (ரேடார் அலையால் கடல்பரப்பின் சிற்றலைகளைப் பார்த்துக் காற்றைக் கணிக்கும் கருவி) ஒப்பிடப்போவதாக எழுதியிருந்தீர்கள். அது ஓடும் நீரை ஒப்பிட்டே காற்றை அளக்கிறது. பசிபிக் நடுக்கோட்டில் நீரோட்டமும் காற்றும் ஒரே திசையில் மேற்கே போகும்போது அதில் காற்று குறைவாகத் தெரியும். அந்த வித்தியாசத்தை உயரத் திருத்தம் சரிசெய்யாது.